அவசரத் தொட்டி

கறைபட்ட துணியோடு கடைக்குள் நுழைகிறவர் முதலில் ஒரு பொய் சொல்வார். காபி கொட்டிவிட்டது என்பார். முகர்ந்து பார்த்தால் இருமல் மருந்து வாடை அடிக்கும். எங்கே பட்டதென்றே தெரியவில்லை என்பவருக்கு எங்கே பட்டது, யாரால் பட்டது என்பதெல்லாம் நன்றாகவே தெரியும். லாண்டரி அக்கா எதையும் தோண்டித் துருவ மாட்டாள். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், பின்பக்கம் திருப்புவாள், கறையின் விளிம்பில் நகத்தை வைத்துச் சுரண்டிப் பார்ப்பாள்.

"காஞ்சு போச்சா, ஈரமா இருக்கா?" அவளுக்கு வேண்டிய பதில் அது ஒன்றுதான்.

ஈரமாக இருந்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நீலப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் போகும். அதற்கு அவசரத் தொட்டி என்று பெயர். அதில் ஒரு துணி விழுந்துவிட்டால் யார் கையில் என்ன வேலை இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு முதலில் அதைக் கவனிக்க வேண்டும். யாருடையது, எப்போது வேண்டும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. காய்ந்த கறைக்கு நாளைக்கும் பதில் சொல்லலாம், ஈரக் கறைக்கு இப்போதே சொல்ல வேண்டும். கடையில் வேறு சட்டதிட்டம் எதுவும் கிடையாது. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் போட்டு வைப்பார்கள், அவசரத் தொட்டியை மட்டும் காக்க வைக்க மாட்டார்கள்.

அக்காவின் வீட்டுக்காரரைத் தெருவே 'ஈரக்கை' என்றுதான் கூப்பிடும். அவர் கை காய்ந்திருந்து பார்த்தவர் யாரும் இல்லை. அவரோடு கைகுலுக்கியவர் அடுத்த நிமிஷம் கையைத் துடைக்க இடம் தேடுவார். அதிகம் பேசாத மனுஷர். துணியிடம் மட்டும் பேசுவார். "வா, வா, வந்துடு" என்று கறையைக் கூப்பிடுவார். வராவிட்டால் "ம்ஹூம்" என்று ஒரு பெருமூச்சு விடுவார்.

இந்தக் கடைக்குள் வீடியோ வந்தது ஆசைப்பட்டு அல்ல, ஒரு சண்டையால். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒருவர், பையில் பேனா மை ஒழுகிய வெள்ளைச் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தவர் சட்டையைக் கையால்கூடத் தொடவில்லை.

"இது என் சட்டை இல்லை."

"உங்க சட்டைதாங்க," என்றாள் அக்கா.

"என் சட்டையில மை இருந்துச்சு."

"அதை எடுக்கத்தானே குடுத்தீங்க?"

"அது போற மை இல்லைம்மா. எனக்குத் தெரியாதா? எங்கேயோ பாழாக்கிட்டு, வேற எவன் சட்டையையோ என் தலையில கட்டப் பார்க்கிறீங்க. யார் காதுல பூ சுத்துறீங்க?"

ஈரக்கை சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறை போகவில்லை என்று திட்டு வாங்கியிருக்கிறார்; போனதற்குத் திட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. அன்றைக்குச் சாப்பாடும் அவருக்கு இறங்கவில்லை. "நல்லா எடுத்ததுக்கு ஒருத்தன் திட்டு வாங்குவானா?" என்று தட்டைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் முகம் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அதே மனுஷர் அடுத்த முறை (வேறு கடை பக்கத்தில் இல்லை, வந்துதானே ஆக வேண்டும்!) இன்னொரு சட்டையோடு வந்தபோது, சோப்புத்தூள் டப்பாவில் தன் போனைச் சாய்த்து வைத்தாள். சுவர்க் கடிகாரம், சட்டை, ஈரக்கையின் கைகள் மூன்றும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொன்னாள். ஆரம்பம் முதல் முடிவு வரை சட்டை படத்தை விட்டு வெளியே போகக் கூடாது, நடுவில் ஒரு வெட்டும் விழக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. எடுத்ததை அப்படியே அந்த மனுஷருக்கு அனுப்பினாள். அவர் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், பிறகு தன்னிடம் வண்டி பழகுகிற அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அதற்குப் பதில் அதைச் செய்தார் என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

அதைப் பொதுவில் போடலாம் என்று யோசனை சொன்னது அவள் தம்பி. அப்போது அவன் ஒரு அலுவலகத்தில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, யாரோ செய்த தப்புக்கு நாளெல்லாம் போனில் திட்டு வாங்குகிற வேலையில் இருந்தான்.

"இதையெல்லாம் யாருடா பார்ப்பா?"

"பார்ப்பாங்கக்கா. திட்டிட்டு, ஓய்ஞ்சு போய் உட்கார்றவங்க எல்லாம் ஒரு கறை மெதுவா போறதைப் பார்க்கணும்னு நினைப்பாங்க. நானே பார்ப்பேன்."

பார்க்கத்தான் செய்தார்கள். முதலில் சொந்தக்காரர்கள், பிறகு சொந்தக்காரர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள், அதற்கப்புறம் யாரென்றே தெரியாத கூட்டம். ஈரக்கையின் "வா, வா, வந்துடு"வை ரிங்டோனாக வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். போகாத கறையும் போகாத கறையாகவே வீடியோவில் ஏறியது. அன்றைக்கு அவருடைய "ம்ஹூம்"க்கு ஆறுதல் சொல்ல ஒரு பெரும் கூட்டம் வந்தது.

முதன்முதலாக அவர்கள் வீடியோவுக்கு முன்னால் ஒரு விளம்பரம் ஓடிய நாள் ஈரக்கை பதறிவிட்டார்.

"யாருடா இவன்? நம்ம கடைக்குள்ள எப்படி வந்தான்?"

"விளம்பரம் மாமா. நம்ம வீடியோ பார்க்க வர்றவங்க முதல்ல இவனைப் பார்க்கணும். அப்பத்தான் நமக்குக் காசு."

"மெத்தை விக்கிறது இவன். கறை எடுக்கிறது நான். பார்க்கிறது எவனோ. நமக்குக் காசு குடுக்கிறது யாரு?"

"மெத்தைக்காரன்தான் குடுக்கிறான், சுத்தி வளைச்சு."

"அவனுக்கு என்ன கறை பட்டுச்சு?"

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தம்பி திரையின் மூலையைக் காட்டினான். "இங்க பாருங்க மாமா, ஸ்கிப்னு வருது. பிடிக்கலேன்னா இதை அமுக்கி அவனைத் துரத்திடலாம். பார்க்கிறவங்க எல்லாரும் கட்டைவிரலை இது மேலயே வெச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பாங்க."

ஈரக்கை தன் கட்டைவிரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பாவம், பேசி முடிக்கட்டும்," என்றார். அன்றிலிருந்து எந்த விளம்பரத்தையும் அவர் துரத்தியதில்லை. மெத்தை, வண்டி, பல் வைத்தியம் எல்லாவற்றையும் மரியாதையாகக் கடைசி வரை கேட்பார்.

இதைப் பார்த்துத் தெருவும் சும்மா இருக்கவில்லை. தையற்கடைக்காரர் கிழிந்த பாக்கெட்டைத் தைப்பதைப் போட்டார். செல்போன் ரிப்பேர்க்காரர் உடைந்த கண்ணாடியைப் பிரிப்பதைப் போட்டார். டிரைவிங் ஸ்கூல்காரர் பின்னால் வண்டி எடுக்கத் தெரியாதவர்களை வரிசையாகப் போட்டு, தானே நடுவில் வந்து திட்டினார். போன் மாட்டுகிற முக்காலியும் வட்ட விளக்கும் இல்லாத கடை அந்தத் தெருவில் இல்லை என்று ஆகிவிட்டது. மத்தியானத்தில் தெருவில் நடந்து போனால் கடைக்குக் கடை "வணக்கம் நண்பர்களே" என்று கேட்கும். அக்கா மட்டும் ஒருநாளும் வணக்கம் சொன்னதில்லை. "காஞ்சதா, ஈரமா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அப்படியிருக்கும்போதுதான் சலவைத் திரவம் செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அடுத்தவர் வீடியோவுக்கு முன்னால் ஓடுகிற விளம்பரத்தில் இந்த முறை அக்காவே வர வேண்டும். இந்தக் கடையில், அவள் கையால், அவள் குரலில். அது நன்றாக அமைந்துவிட்டால் அந்தக் கம்பெனியின் அந்த வருஷத்துச் சின்னச் சின்ன விளம்பரங்கள் எல்லாவற்றையும் தம்பியே எடுத்துத் தரலாம் என்றும் பேச்சு.

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவிடம்கூட ஒரு வார்த்தை கேட்காமல் ஹெட்செட் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான். மழைக்காலத்தில் துணி காயப்போடுகிற பின்னறையை வெள்ளையடித்து, எதிரொலி அடங்கச் சுவரில் பஞ்சு அட்டை ஒட்டி, படம் தொகுக்க ஒரு மேசையும் போட்டான். வாசலில் என்ன பெயர்ப்பலகை மாட்டலாம் என்று சாப்பிடும்போது கேட்டான். அவன் முகம் அப்படித் தெளிந்திருந்து அக்கா பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. இது கைகூடாமல் போனால் அவன் மறுபடியும் அந்த ஹெட்செட்டைத்தான் மாட்ட வேண்டும் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் அவள் பெயர்ப்பலகைப் பேச்சை மாற்றிவிடுவாள்.

கம்பெனி அனுப்பிய பாட்டில்களை அவள் முதலில் கடைத் துணிகளில் போட்டுப் பார்த்தாள். டீக் கறைக்குச் சுமாராகக் கேட்டது; இரண்டு தடவை போட்டால் முழுக்கப் போனது. எண்ணெய்க் கறையிடம் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. அதனால் டீக் கறை என்றால் மட்டும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். சரி என்றார்கள்.

படப்பிடிப்பு நாளன்று ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்களை மேய்க்கிறவர் தலையில் ஒரு தொப்பி. வெயிலிலும் கழற்றவில்லை, நிழலிலும் கழற்றவில்லை. தொப்பிக்காரர் நல்லவர்தான். வந்ததும் அக்காவுக்குக் கும்பிடு போட்டார். பிறகு கடையில் தொங்கிய துணிகளை எல்லாம் இறக்கச் சொல்லிவிட்டு, தாங்கள் கொண்டு வந்த துணிகளை நிறம் பார்த்து மாட்டச் சொன்னார்.

"எங்க துணிக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல் இல்லைக்கா. அது கண்ணுக்கு நல்லாயிருக்கு, கேமராவுக்குக் கூட்டமா தெரியுது."

ஈரக்கையைப் பின்பக்கம் இஸ்திரி மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். நடுவில் குறுக்கே வந்துவிடக் கூடாது என்று தம்பி கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் அவரும் மறுபேச்சில்லாமல் போனார்.

உதவியாளர் பெண் ஒருத்தி ஒரு வெள்ளைச் சட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் விரித்தாள். மார்பில் கையகலத்துக்குக் கறை. முதல் நாளே டீயில் நனைத்து, ஈரம் போகாமல் சுற்றி வைத்திருந்தார்களாம். "இதுதான் ஹீரோ சட்டை, யாரும் தொடாதீங்க," என்று அறிவித்தாள். பக்கத்திலேயே அதே தையல், அதே பொத்தானோடு இன்னொரு சட்டை, பளிச்சென்று வெள்ளையாக.

"அது எதுக்கு?" என்று கேட்டாள் அக்கா.

தொப்பிக்காரர் விளக்கினார். "இந்தக் கறைச் சட்டையில நீங்க ஊத்துவீங்க. கட். இதை எடுத்துடுவோம். அந்தப் புதுச் சட்டையை எடுத்து உதறிக் காட்டி நீங்க சிரிப்பீங்க. முடிஞ்சது."

"அப்ப இந்தச் சட்டையில இருக்கிற கறை?"

"அது யாருக்குக்கா வேணும்?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டிய ஒயரையே மறுபடி பிரித்துச் சுருட்டினான். டிரைவிங் ஸ்கூல்காரரின் குரல் அவள் காதுக்குள் கேட்டது: இது என் சட்டை இல்லை. அன்றைக்கு அது அபாண்டம். இன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டே அந்தப் புதுச் சட்டையை உதறினால் அது உண்மையாகிவிடும். வாய்வரை வந்த வார்த்தையைத் தம்பி முகத்துக்காக விழுங்கினாள்.

விளக்கு சரியில்லை, நிழல் விழுகிறது, கல்லாவை நகர்த்து, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டு வா என்று மத்தியானம் வரை ஒன்றும் எடுத்தபாடில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து எடுக்கலாம் என்று எல்லோரும் பின்கட்டுக்குப் போனார்கள். விளக்கை மட்டும் அணைக்காமல் போய்விட்டார்கள். அக்கா மேசையைப் பார்த்தாள். அந்தச் சூட்டில் சட்டை கிடந்தால் கறை வெந்து நூலுக்குள் இறங்கிவிடும். எடுத்தாள். கறையின் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அப்போது பின்கட்டிலிருந்து தண்ணீர் கேட்டு யாரோ குரல் கொடுக்க, சட்டையை வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கே வைத்தாள் என்பது எல்லோரும் திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது.

"ஹீரோ சட்டை எங்கே?" என்று உதவியாளர் பெண் அலறினாள்.

ஈரக்கை குழாயடியிலிருந்து சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. கறை இருந்த இடத்தை யாராலும் காட்ட முடியாது, அவ்வளவு சுத்தம். முகத்தில் பூரிப்பு.

"வெறும் டீ இல்லை இது. என்னமோ சாயமும் கலந்திருக்கு. கொஞ்சம் மல்லுக்கட்ட விட்டுடுச்சு," என்றார்.

தொப்பிக்காரர் முதன்முறையாகத் தொப்பியைக் கழற்றினார். "அண்ணே, என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கறையை எடுத்தேன்."

"உங்களை யாரு எடுக்கச் சொன்னா?"

"தொட்டியில கிடந்துச்சே! தொட்டியில கிடந்தா வேற என்ன பண்ணுவாங்க?"

"தொட்டியில யாரு போட்டது?"

ஈரக்கை தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியும். இந்தக் கடையில் அந்தத் தொட்டியில் துணி போடுகிற கை இரண்டே இரண்டுதான், அதில் ஒன்று அவருடையது. தலை குனிந்துகொண்டார்.

"நான்தான் போட்டேன்," என்றாள் அக்கா. "நினைச்சுப் போடலை. கை பழக்கம், அதுவா போட்டுடுச்சு."

சொல்லும்போதே அவளுக்கு ஒரு சந்தேகம். கை அதுவாகப் போட்டதா, வாய் சொல்லாமல் விழுங்கியதைக் கை சொல்லிவிட்டதா? எப்படியானாலும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருந்தது. தம்பியைப் பார்த்தால் மட்டும் மறுபடி ஏறியது. அவன் சுவரில் சாய்ந்து, வெளிறிப் போய் நின்றான்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் விளம்பரங்களைக் கவனிக்கிற மேடம் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். கத்துகிற ஆள் இல்லை. "வேற கறைச் சட்டை?" என்று மட்டும் கேட்டார்.

"அது ஒண்ணுதான் மேடம். ஊற வைக்கவே ஒரு ராத்திரி வேணும்," என்றாள் உதவியாளர் பெண்.

"அண்ணன் துவைச்ச சட்டை ஈரம். இருக்கிறது இந்தப் புதுச் சட்டை ஒண்ணு. கறையே இல்லாம எதை எடுக்கிறது?" என்றார் தொப்பிக்காரர்.

கல்லாவின் மேல் அக்கா குடிக்காமல் வைத்திருந்த டீ ஆறிப்போய் இருந்தது. அதை எடுத்தாள். மேசையில் விரித்திருந்த புதுச் சட்டையின் மார்பில் நிதானமாகக் கவிழ்த்தாள். உதவியாளர் பெண் "ஐயோ" என்றாள்.

"இப்ப கறை இருக்கு," என்றாள் அக்கா. "மாத்துறதுக்குச் சட்டை இல்லை. அதனால மாத்த வேண்டாம். நாங்க எப்பவும் எடுக்கிற மாதிரியே எடுங்க. கடிகாரம் தெரியணும், சட்டை வெளியே போகக் கூடாது."

மேடம் கேட்டார். "போகலேன்னா?"

"போகலேன்னு சொல்லுவேன்."

"அக்கா, இது விளம்பரம்."

"தெரியும் மேடம். இத்தனை நாள் அடுத்தவங்க விளம்பரத்தைத்தானே எங்க வீடியோவுக்கு முன்னாடி பார்த்துக்கிட்டிருந்தோம். இது நான் முதமுதல்ல குடுக்கிற விளம்பரம். என்னை நம்பித்தானே வாங்குவாங்க? வாங்கிட்டு, போகலேன்னா, பாட்டில்ல இருக்கிற பேரையா திட்டுவாங்க? லாண்டரி அக்கா ஏமாத்திட்டான்னுதான் சொல்லுவாங்க."

மேடம் தொப்பிக்காரரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். "வெளிச்சம் இருக்கிற வரைக்கும் எடுத்துப் பார்த்துடலாம் மேடம். வெறும் கையோட போறதுக்கு இது தேவலை." அவர் கண்ணிலும் ஒரு ஆசை வந்திருந்தது.

தம்பி மெல்ல நகர்ந்து வந்தான். பெரிய கேமராவுக்குப் பக்கத்திலேயே, பழைய வழக்கப்படி, சோப்புத்தூள் டப்பாவில் அக்காவின் போனையும் சாய்த்து வைத்தான்.

"காஞ்சதா, ஈரமா? ஈரம்," என்று அக்கா ஆரம்பித்தாள்.

சட்டையைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். முன்பக்கம் ஊற்றினால் கறை உள்ளே போகும், பின்பக்கம் ஊற்றினால் வந்த வழியே திரும்பும் என்று சொல்லிக்கொண்டே செய்தாள். திரவத்தை விளிம்பில் சொட்டி, விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒற்றினாள். தேய்க்கவில்லை. துணி சுருங்கி நழுவியது. ஒரு கை பற்றாமல் அவள் தடுமாறியபோது ஓரத்திலிருந்து இன்னொரு கை படத்துக்குள் நீண்டு வந்து துணியை விறைப்பாகப் பிடித்தது. நரம்பு தெரிகிற, எப்போதும் ஈரமான கை. "வா, வா, வந்துடு," என்றது ஒரு குரல். தொப்பிக்காரர் நிறுத்தச் சொல்லவில்லை.

கறை வெளிறியது. பழுப்பு, மஞ்சளாகி, மஞ்சள் நடுவில் மறைந்தது. அவள் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கறை போய்விட்டிருந்தது, ஆனால் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று, நன்றாகப் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, நின்றுகொண்டிருந்தது. பார்க்காத மாதிரி சிரித்திருந்தால் கேமராவுக்கே தெரிந்திருக்காது.

"கறை போயிடுச்சு. விளிம்பு இன்னும் இருக்கு, பாருங்க," என்றாள் அக்கா கேமராவிடம். "இன்னொரு தடவை போட்டா அதுவும் போகும். டீக் கறைக்கு இதை வாங்கலாம். எண்ணெய்க் கறைக்கு வாங்காதீங்க, கேட்கலை."

முடித்ததும் ஈரக்கை மட்டும் "நல்லா வந்திருக்கு" என்றார். சட்டையைத்தான் சொன்னார்.

மேடம் தம்பியிடம் போனார். படத்தைத் தொகுத்துத் தர வேண்டியவன் அவன்தான். "ரொம்ப நல்லாயிருக்கு. அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் எடுத்துடுங்க. 'கறை போயிடுச்சு'ல நிறுத்திடலாம்."

அக்கா அவன் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். இது அவன் சோறு. இதில் அவள் வாயைக் கொடுக்கக் கூடாது. எடுத்துவிடுகிறேன் என்று அவன் சொன்னால் அவனைக் குறை சொல்லவும் கூடாது என்று மனசைக் கட்டிக்கொண்டாள்.

"எடுக்க மாட்டேன் மேடம்," என்றான் தம்பி. "அதை எடுத்துட்டா அப்புறம் எங்க அக்கா எதுக்கு? யார் கையை வெச்சு வேணும்னாலும் எடுத்துக்கலாமே. எங்க வீடியோவுல வெட்டு கிடையாது. அதுக்காகத்தானே எங்களைத் தேடி வந்தீங்க?"

"இந்த வருஷத்து வேலையெல்லாம் இதை வெச்சுத்தான் முடிவாகும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். வேலையை விட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

ஹெட்செட்டுக்குள் நாளெல்லாம் 'மன்னிக்கணும் சார்' என்று சொன்ன வாய் அது. தன் தம்பி ஒருவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லி அக்கா கேட்டதே இல்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கண் கலங்கியதை மறைக்கச் சட்டையை மறுபடியும் தண்ணீரில் முக்கினாள்.

மேடம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தொப்பிக்காரர் போகும்போது ஈரக்கையோடு கைகுலுக்கினார். வண்டி ஏறும்வரை கையைத் துடைத்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து பேச்சு மூச்சில்லை. தம்பி பின்னறையில் வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். ஈரக்கை தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று முடிவு கட்டிவிட்டார். ஒருநாள் தொட்டியில் கிடந்த மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதை எடுக்கலாமா?" என்று கேட்டார்.

"என்னங்க கேள்வி இது! கேட்டுக்கிட்டு நின்னா காஞ்சிடாதா?" என்று கத்திவிட்டாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க அன்னிக்கு எடுத்ததாலதான் நான் இன்னிக்கு நிமிர்ந்து நடக்கிறேன். போங்க, போய்க் கறையைப் பாருங்க," என்றாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டிவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

ஒருவழியாக மேடம் போன் செய்தார். மேலே இருப்பவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்களாம். எண்ணெய்க்கு வாங்காதே என்று சொல்கிற விளம்பரத்தைக் காசு கொடுத்து எவனாவது ஓட்டுவானா என்றார்களாம். மேடம் மல்லுக்கு நின்று, கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று சம்மதம் வாங்கியிருந்தார். ஆனால் மற்ற விளம்பரங்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது.

"பரவாயில்லை மேடம்," என்றான் தம்பி. வைத்துவிட்டு அக்காவிடம், "ஒண்ணு வருதுக்கா. முழுசா வருது," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மறுநாள் டிரைவிங் ஸ்கூல்காரர் கையில் துணி இல்லாமல் வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி தனியா விளம்பரம் எடுத்துக் குடுக்கிறானாமே? நானே நடுவுல வந்து திட்டி எடுக்கிறது எடுபடலை. ஒரு ஆளு முதல் நாள்ல இருந்து வண்டி பழகுறதை அப்படியே எடுக்கணும். முட்டுறது, மோதுறது எல்லாம் இருக்கட்டும். வெட்டக் கூடாது. வெட்டினா எவனும் நம்ப மாட்டான்."

"நம்ப மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா என்ன!" என்றாள் அக்கா. அவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். தம்பி பின்னறையிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அவரைப் பார்த்துத் தையற்கடைக்காரரும் வந்தார். பெயர்ப்பலகைக்கு அளவெடுக்க ஆள் வந்தான்.

அந்த வாரத்தில் ஒருநாள் மருத்துவமனையில் வேலை பார்க்கிற நர்ஸ் ஒருத்தி பரபரப்பாக உள்ளே வந்தாள். வெள்ளைக் கோட்டில் என்னவோ மருந்து கொட்டியிருந்தது. காபி என்றாள். அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தொட்டியில் போட்டாள். டியூட்டிக்குத் திரும்ப வேண்டும், உடனே வேண்டும் என்றாள் நர்ஸ். பெஞ்சில் உட்கார்ந்து, நேரம் போகப் போனை எடுத்து ஏதோ பாட்டு வீடியோவைத் தட்டினாள்.

பாட்டு வரவில்லை. "காஞ்சதா, ஈரமா? ஈரம்," என்று அக்காவின் குரல் வந்தது.

கல்லாவில் நின்றுகொண்டிருந்த அக்கா எண்ணிய சில்லறையை அப்படியே வைத்தாள். அடுத்தவர் கையிலிருந்து தன் குரலைக் கேட்பது அதுவே முதல் தடவை. நர்ஸின் கட்டைவிரல் திரையின் மூலைக்குப் போவதைப் பார்த்தாள். அவசரக்காரி, அமுக்கத்தான் போகிறாள். விரல் ஸ்கிப்புக்கு மேலே நின்றது. அக்கா அந்த விரலையே பார்த்தாள். சட்டையில் தண்ணீர் விழுகிற சத்தம் போனிலிருந்து கேட்டது. "வா, வா, வந்துடு" கேட்டது. விரல் மெல்ல விலகி, போனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. "விளிம்பு இன்னும் இருக்கு, பாருங்க," என்றது போன். நர்ஸ் நிஜமாகவே போனைக் கண்ணருகே கொண்டுபோய் விளிம்பைத் தேடினாள்.

பிறகு தலையைத் தூக்கினாள். கடிகாரத்தைப் பார்த்தாள், நீலத் தொட்டியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, இது நீங்கதானே?"

பதில் குழாயடியிலிருந்து வந்தது. நர்ஸின் கோட்டை விறைப்பாகப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே, ஈரக்கை திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"அவதாம்மா. சட்டையும் அதே சட்டைதான்."